மருதையன் செடி

எழுபத்தேழாம் வருஷத்துப் புயலில் கோட்டுச்சேரிமேட்டு வள்ளம் ஒன்று கரை திரும்பவில்லை. மேகம் கூடுவதைப் பார்த்துவிட்டு மற்றவர்களெல்லாம் வலையைப் பாதியில் வாரிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்த வள்ளம் முதல் நாளே ஆழக்கடலுக்குப் போயிருந்தது. அதில் இருந்தவர்கள் ஐந்து பேர். காசியம்மாவின் பிள்ளைகள் மூன்று பேர், மருதையன், பிறகு சிங்காரவேலு.

சிங்காரவேலுவின் மனைவி அமிர்தம். காலையில் கரையில் மீன் எடுத்து, கூடையில் சுமந்துபோய்க் காரைக்கால் தெருக்களில் விற்பவள். ஒரே மகள் ஞானசௌந்தரிக்கு அப்போது ஒன்பது வயது.

சிங்காரவேலு பேச்சுக்காரன். கடலிலிருந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தானானால், வள்ளத்தைத் தள்ளியதிலிருந்து ஆரம்பிப்பான். எந்தப் பக்கத்துக் காற்று, எங்கே தண்ணீர் கலங்கிக் கிடந்தது, ஓங்கில் என்கிற டால்பின் கூட்டம் எப்படி வள்ளத்தோடு பந்தயம் கட்டி வந்தது, மருதையன் என்ன சொல்லிச் சிரிக்க வைத்தான் என்று ஒன்று விடாமல் சொல்லுவான். சோறு ஆறிப்போகும். அமிர்தம் எதிரே உட்கார்ந்து ‘ம்’ கொட்டுவாள். அதற்கு மேல் அவள் பேசியதில்லை. பேச வேண்டிய தேவையும் இருந்ததில்லை. அவன் போன பிறகு அந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஊர் ஆண்கள் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கோடியக்கரை என்று கரையோரமாகவே போய்த் தேடினார்கள். ஒரு பலகைகூட அகப்படவில்லை. மாதம் ஒன்று கழிந்ததும் இனி தேடிப் பயனில்லை என்று ஊர்ப் பஞ்சாயத்தில் முடிவாயிற்று. மூன்று பிள்ளைகளுக்கும் காசியம்மா சேர்த்துக் காரியம் செய்தாள். அந்தப் பிள்ளைகளில் யாருக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. மருதையனின் மனைவி குஞ்சம்மா தாலியைக் கழற்றினாள். அமிர்தத்திடமும் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். உடம்பு கிடைக்காமல் எதையும் கழற்ற மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். வள்ளம் இலங்கைப் பக்கம் ஒதுங்கியிருக்கலாம், எத்தனையோ பேர் அப்படிப் போய் வருஷம் கழித்துத் திரும்பியிருக்கிறார்கள் என்றாள். அது பொய்யும் இல்லை. கரையோர ஊர்களில் அப்படிக் கதைகள் உண்டு. உதவி கொடுப்பதற்காகக் கொம்யூன் ஆபீசிலிருந்து வந்தவர்களுக்கும் அவள் கதவைத் திறக்கவில்லை.

குஞ்சம்மா பக்கத்து வீட்டுக்காரி. அமிர்தத்தைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். இருவரும் ஒன்றாகக் கூடை சுமந்தவர்கள். ஒருத்தி வீட்டில் குழம்பு வைத்தால் மற்றவள் வீட்டுக்கும் கிண்ணம் போகும். தைப் பொங்கல் கழிந்த பிறகு ஒருநாள், காரைக்காலிலிருந்து திரும்பி நடந்து வரும்போது குஞ்சம்மா தன் மனசில் இருந்ததைச் சொன்னாள். செத்தவர்களை எரித்த இடமாவது இருந்தால் போய் நிற்கலாம், பால் ஊற்றலாம். தன் புருஷனுக்கு அதுவும் இல்லை. கடலைப் பார்த்து அழலாமென்றால், எந்தப் பக்கம் பார்த்து அழுவது என்று தெரியவில்லை. கோயிலிலிருந்து கரைக்குப் போகிற பாதையில் ஆளுக்கொரு பூச்செடி வைத்தால் என்ன என்று கேட்டாள்.

அமிர்தம் பதில் சொல்லவில்லை. குஞ்சம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஊர்த் தலைவரான நாட்டார் தங்கப்பனுக்கும் அந்த யோசனை பிடித்தது. செவ்வரளி வைப்பதென்று பேசி முடித்தார்கள். உப்புக்காற்றைத் தாங்கும், ஆடு வாய் வைக்காது, மணலிலும் பிடித்துக்கொள்ளும். காரைக்காலில் குஞ்சம்மாவும் அமிர்தமும் வாடிக்கையாக மீன் போடும் வீட்டில் ஷரீபுன்னிசா என்ற அம்மாள் இருந்தாள். அவள் வீட்டுக் கிணற்றடியில் அரளி காடாக மண்டிக் கிடந்தது. குஞ்சம்மா விஷயத்தைச் சொன்னதும், அந்த அம்மாள் தானே அரிவாளை எடுத்துவந்து, முற்றிய கிளைகளாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தாள். ஐந்து பேர் என்று கேள்விப்பட்டிருந்தாள். அதனால் ஐந்து கிளை.

வெள்ளிக்கிழமை காலை ஊரே கூடி நட்டது. வாய்க்காலிலிருந்து களிமண் கொண்டுவந்து மணலோடு கலந்தார்கள். காசியம்மா தன் பிள்ளைகளின் மூன்று குழியிலும் கையாலேயே மண் தள்ளினாள். யாரையும் தொட விடவில்லை. மருதையனுக்குக் குஞ்சம்மா நட்டாள். சிங்காரவேலுவுக்கு நட அவன் வீட்டிலிருந்து யாரும் வராததால், தங்கப்பன் நட்டார். அன்றைக்கு அமிர்தம் மகளையும் கூட்டிக்கொண்டு காரைக்காலுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் அந்தப் பாதைக்குப் போனாள். வரிசையில் கடைசியாக இருந்ததுதான் அவனுடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். குனிந்து அதைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள். தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சாமியை வேண்டி நட்ட செடியைப் பிடுங்கினால் ஊருக்கு ஆகாது என்று ஒருத்தி சொன்னாள். அமிர்தம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் குஞ்சம்மா அவள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

“நீ பிடுங்குனது உன் செடின்னு நெனச்சுக்கிட்டிருக்கே,” என்றாள். “ஒரே வள்ளம்தானே அமிர்தம்? சிங்காரவேலு உசுரோட இருக்காருன்னா எம் புருஷனும் இருக்காரு. நீ பொட்டோட எம் முன்னால நிக்கிறப்பல்லாம், நானே அவசரப்பட்டு அவரக் கொன்னுட்ட மாதிரி இருக்கு.”

அமிர்தம், “நான் உன்ன ஒண்ணும் சொல்லலியேக்கா,” என்று மட்டும் சொன்னாள்.

“சொல்லவேணாம்,” என்றுவிட்டுக் குஞ்சம்மா போய்விட்டாள். அத்தோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. இருவரும் தனித்தனியாகக் கூடை தூக்கிப் போனார்கள். அமிர்தம் அந்தப் பாதையில் கால் வைப்பதையே விட்டுவிட்டாள். கரைக்குப் போக வேண்டுமானால் ஐஸ் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போவாள்.

அதன் பிறகு வந்த வருஷங்களை அமிர்தம் எப்படிக் கழித்தாள் என்று கேட்டால், காத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வேலை நிற்கவில்லை. மீன் விற்றாள், கூரை மாற்றினாள், மகளைப் படிக்க வைத்தாள். ஆனால் எதைச் செய்தாலும் அவன் வந்து பார்ப்பான் என்று நினைத்தே செய்தாள். கூரை மாற்றியபோது, உயரமான மனுஷன், தலை இடிக்கும் என்று நிலையை ஒரு முழம் தூக்கி வைக்கச் சொன்னாள். தீபாவளிக்கு அவனுக்கும் ஒரு வேட்டி எடுத்தாள். காற்று இலங்கை இருக்கிற தென்கிழக்கிலிருந்து அடிக்கிற நாட்களில், சாப்பிட உட்கார்ந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. எதிரே யாரோ பேச ஆரம்பிக்கப் போகிற மாதிரி இருக்கும்.

எண்பத்து மூன்றில் இலங்கையிலிருந்து ஜனங்கள் படகேறி வரத் தொடங்கினார்கள். மண்டபத்து முகாமில் அவர்களைத் தங்க வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அமிர்தம் கல்யாணப் போட்டோவைச் சீலையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தனியாக அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. முகாமில் ஒவ்வொரு கொட்டகையாகப் போய்ப் போட்டோவைக் காட்டினாள். சிலர் பொறுமையாக வாங்கிப் பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் மகனின் அடையாளத்தைச் சொல்லி, இந்தப் பக்கம் எங்காவது பார்த்தீர்களா என்று அமிர்தத்தையே திருப்பிக் கேட்டாள். அமிர்தம் அன்று ராத்திரி அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே படுத்திருந்துவிட்டு, மறுநாள் ஊர் திரும்பினாள். போன இடத்தில் என்ன நடந்தது என்று சௌந்தரி கேட்கவில்லை. அப்பாவைப் பற்றி அவள் எதையும் கேட்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. மகள் மறந்துவிட்டாள் என்று அமிர்தம் நினைத்தாள். சின்ன வயசு, மறக்கட்டும் என்று ஒரு பக்கம் ஆறுதலாகவும், இன்னொரு பக்கம் வலியாகவும் இருந்தது.

எண்பத்தாறில் சௌந்தரிக்கு வரன் வந்தது. கீழவாஞ்சூர்ப் பக்கத்து மாப்பிள்ளை, பெயர் அமிர்தலிங்கம். படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவன். அவன் அப்பா நடராசன் நல்ல மனுஷர். பெண் பார்த்துப் பிடித்துப்போய், வருகிற தையில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டுப் புறப்படுகிற நேரத்தில், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயரை எப்படிப் போடுவது? ‘காலஞ்சென்ற’ என்று போடுவதா, வேண்டாமா? சொந்தக்காரர்கள் கேட்பார்கள், அதனால்தான் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அமிர்தம். அப்படி அவள் சொன்னதே ஊருக்கு ஆச்சரியமாக இருந்தது. முன்பென்றால் கேட்டவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பாள்.

அவர்கள் போன பிறகு சௌந்தரியைக் காணவில்லை. கோயிலுக்குப் போயிருப்பாள் என்று அமிர்தம் நினைத்தாள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வைத்துவிட்டுப் போன புடவையையும் பழத்தட்டையும் காணவில்லை. யாரிடம் காட்டப் போயிருப்பாள் என்று தேடிக்கொண்டு கோயில்வரை வந்தவள், அங்கிருந்து தெரிகிற அந்தப் பாதையைப் பார்த்தாள். அது இப்போது பழைய வெறும் மணல் பாதையாக இல்லை. நான்கு செடிகளும் ஆள் உயரத்துக்குமேல் வளர்ந்து, கிளை பரப்பி, சிவப்பாய்ப் பூத்து நின்றன. மணலெல்லாம் பூ. இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

மருதையனுடைய செடியடியில் சௌந்தரி உட்கார்ந்திருந்தாள். மடியில் புடவை. முதுகு இந்தப் பக்கம் இருந்தது. பேசிக்கொண்டிருந்தாள். அமிர்தம் மணலில் சத்தமில்லாமல் நெருங்கி, காசியம்மாவின் செடிகளுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

“எஞ்சின் வேல பாக்குறாராம் பெரியப்பா. கடலுக்குப் போகமாட்டாராம். அதான் எனக்குப் பிடிச்சுது. அம்மாகிட்ட அதச் சொல்லல. அப்பாகிட்ட மட்டும் நீங்க சொல்லிடுங்க. ஆளு கொஞ்சம் கறுப்புன்னும் சொல்லுங்க, சிரிப்பாரு.”

அமிர்தம் பக்கத்திலிருந்த செடியைப் பிடித்துக்கொண்டாள். சருகு சத்தம் கேட்டுச் சௌந்தரி திரும்பினாள். பயப்படுவாள் என்று பார்த்தால், அவள் பயப்படவில்லை. புடவையை மடித்துத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

“எத்தன நாளா இங்க வர்றே?” என்று அமிர்தம் கேட்டாள்.

“சின்னதுலேருந்து.”

“ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“உங்கிட்ட சொன்னா, அப்பா வருவாரு, வர்றப்ப நீயே சொல்லிக்கன்னு சொல்லுவே.” சௌந்தரியின் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. “எனக்கு அன்னன்னைக்குச் சொல்லணும்மா. வயசுக்கு வந்தது, பத்தாவது பாஸ் பண்ணுனது, எல்லாத்தையும் சேத்துவெச்சு எப்பச் சொல்றது? அவரு செத்துட்டாருன்னு நான் சொல்லல. பேசுறதுக்கு ஒரு எடம் வேணும். நீ அதப் பிடுங்கிப் போட்டுட்டே.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அமிர்தம் அங்கேயே நின்றாள். இத்தனை வருஷமாக, காத்திருப்பது தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள். தன் மகள் இன்னொரு வீட்டு மனுஷனின் செடிக்கு வந்து, அவன் வழியாகத் தன் அப்பாவுக்குச் சேதி சொல்லி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வள்ளத்தில் போனவர்கள்; பக்கத்தில்தான் இருப்பார்கள் என்ற நினைப்பு. அது அந்தக் குழந்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தும் வந்ததில்லை.

அமிர்தம் நேரே குஞ்சம்மா வீட்டுக்குப் போனாள். குஞ்சம்மா அடுப்படியில் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாள். வந்து நிற்பது யாரென்று பார்த்துவிட்டு, பலகையை எடுத்துப் போட்டாள். அமிர்தம் உட்கார்ந்தாள். புகையில் இரண்டு பேருக்கும் கண் கரித்தது.

“உனக்குத் தெரியுமாக்கா?”

தெரியும் என்று குஞ்சம்மா தலையசைத்தாள். செடி முழங்கால் உயரம் இருந்தபோதே பிள்ளை வந்து நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாளாம். யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டதற்கு, பெரியப்பாவிடம் சொன்னால் அவர் அப்பாவிடம் சொல்லிவிடுவார் என்றதாம். குஞ்சம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுததுபோல, புருஷன் போனபோதுகூட அழவில்லையாம். அதன் பிறகு பிள்ளை வருகிற நேரத்தில் அவள் அந்தப் பக்கம் போவதில்லை. தண்ணீர் ஊற்றுவதைக் காலையிலேயே முடித்துக்கொள்வாள். கோடையில் கிணறு வற்றி ஊரே குடிக்கத் தண்ணீருக்குத் திண்டாடியபோதும், அரிசி கழுவிய தண்ணீரைச் சேர்த்துவைத்து அந்தச் செடியைக் காப்பாற்றியிருக்கிறாள்.

“எம் புருஷனுக்காகன்னுதான் வெச்சேன்,” என்றாள். “அப்புறம் உம் பொண்ணுக்காகத்தான் ஊத்துனேன். அவ பேச்சக் கேக்க ஒரு காதாவது இருக்கட்டுமேன்னு.”

அமிர்தம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். குஞ்சம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

“நான் தாலியக் கழட்டிட்டேன், அதனால எல்லாம் முடிஞ்சிபோச்சுன்னு நெனச்சியா அமிர்தம்? இன்னைக்கும் வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா ஒரு நிமிஷம் மூச்சு நிக்கிது. கழட்டுனா இந்த எதிர்பாப்பு நிக்கும்னாங்க. நிக்கல. அது நிக்காதுடி. நீ போட்டுக்கிட்டும் காத்திருந்தே, நான் போடாமயும் காத்திருந்தேன். அவ்வளவுதான்.”

நெடுநேரம் அங்கேயே இருந்து, குஞ்சம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் அமிர்தம் வீட்டுக்குப் போனாள்.

கார்த்திகை மாதத்தில், மழைவிட்ட ஒரு காலையில், மருதையனின் செடியிலிருந்து குஞ்சம்மா ஒரு கிளையை வெட்டிக் கொடுத்தாள். வரிசையில் காலியாகக் கிடந்த இடத்தில் அமிர்தமும் சௌந்தரியும் குழி பறித்தார்கள். சேதி கேட்டு ஊர் கூடியது, தங்கப்பனும் வந்துவிட்டார். வயசாகிக் கம்பு ஊன்றி நடந்துகொண்டிருந்தார். முறைப்படி காரியத்தையும் இப்போதே செய்துவிடலாமே, ஊர் கூடி நிற்கிறதே என்று பக்குவமாகத்தான் கேட்டார்.

“காரியம் இல்லீங்க மாமா. செடி மட்டும்தான்,” என்றாள் அமிர்தம். “எம் பொட்டு இப்படியே இருக்கட்டும். நாளைக்கு அவரு வந்து, எனக்கா செடி வெச்சீங்கன்னு கேட்டா, அவரே பிடுங்கிக்கட்டும்.”

கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். காசியம்மா, பார்வை மங்கி, ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவள், முன்னால் வந்து தடவிப் பார்த்து உட்கார்ந்து, குழிக்குள் ஒரு கை மண் தள்ளினாள்.

கல்யாணப் பத்திரிகையைப் பற்றி நடராசன் மறுபடி கேட்டபோது, பெண்ணின் அப்பா பெயரைப் போடுங்கள், முன்னால் ஒன்றும் வேண்டாம், பெயரே போதும் என்று அமிர்தம் சொன்னாள். அப்படியே அச்சாயிற்று. தையில் கல்யாணம் நடந்தது. தாரை வார்க்கத் தங்கப்பனும் அவர் மனைவியும் உட்கார்ந்தார்கள். குஞ்சம்மா மணவறைக்கு வர மாட்டேன் என்று ஒதுங்கி நின்றாள். அமிர்தம் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து, தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

ஆடிக்குச் சௌந்தரி தாய்வீட்டுக்கு வந்தாள். வந்த அன்று சாயங்காலமே அம்மாவையும் அழைத்துக்கொண்டு கரைப் பாதைக்குப் போனாள். பழக்க தோஷத்தில் கால் முதலில் மருதையன் செடியிடம்தான் போய் நின்றது. அங்கே கொஞ்ச நேரம் நின்று, கீழவாஞ்சூர் வீட்டையும் மாமியாரையும் பற்றி என்னவோ சொல்லிவிட்டு, பிறகு கடைசிச் செடிக்கு வந்தாள். அது முழங்கால் உயரம்தான் இருந்தது. இன்னும் மொட்டு வைக்கவில்லை. அவள் குனிந்து இலையைத் தொட்டாள். யார் வழியாகவும் சொல்லாமல் நேரே பேசுவதற்கு அவளுக்குக் கூச்சமாக இருந்ததுபோல. கடைசியில், அப்பா, மூணு மாசம் என்று மட்டும் சொன்னாள். அமிர்தத்துக்கும் அப்போதுதான் அது தெரிந்தது.

“நீ பேசிட்டு வாம்மா,” என்று சொல்லிவிட்டுச் சௌந்தரி கோயிலைப் பார்த்து நடந்தாள்.

கரையில் வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். வலை உலர்த்துகிற ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காற்று தென்கிழக்கிலிருந்துதான் அடித்தது. அமிர்தம் செடியின் எதிரே, சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்காருவதுபோல, கால்மடக்கி உட்கார்ந்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. பேரப்பிள்ளை வரப்போகிறது, அதைச் சொல்ல வேண்டும். நிலையை உயர்த்தி வைத்ததைச் சொல்ல வேண்டும். மண்டபம்வரை தனியாகப் போய்வந்ததைச் சொன்னால் நம்பமாட்டான். அவன் இருந்தவரையில் பேச்செல்லாம் அவனுடையதாகவே இருந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஏங்க,” என்றாள்.

செடி காற்றில் ஆடியது. அலை வந்து போகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அவளுக்கு அவ்வளவுதான் வந்தது. இருட்டுகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு, மகள் கூப்பிட்டதும் எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு போனாள்.